நொடிந்த ஊர் அகதிகளை ஏற்கலாமா? யூட்டிகா கணக்கு

தாமரைச்செல்வன்:
நொடிந்த ஊருக்கு அகதிகள் கூடுதல் சுமை என்பவர்கள் நியூயார்க் மாநிலத்து யூட்டிகாவைப் பாருங்கள். 1960இல் ஒரு லட்சம் பேர் இருந்த ஊர். ஆலைகள் போயின, பக்கத்து ஊர் விமானப்படைத் தளமும் 1995இல் போனது. 2000இல் 60,651 பேர். தொண்ணூறுகளில் வந்த போஸ்னிய அகதிகள் பாழடைந்த வீடுகளை அடிமாட்டு விலைக்கு வாங்கி, தாங்களே கூரை மாற்றிக் குடியேறினார்கள். நகராட்சிக் கட்டடத்தை ஒட்டிக் கிடந்த பழைய மெதடிஸ்ட் தேவாலயம் மசூதியானது. 2020இல் 65,283 பேர்.

ஆற்றங்கரை:
தலை எண்ணிக்கை ஏறியது சரி அண்ணே, செலவு யார் தலையில்? வந்திறங்கும் அகதிகளின் வரவேற்புக்கான ஃபெடரல் (மத்திய அரசு) உதவி 90 நாளோடு சரி. அதற்குள் வீடு, சமூகப் பாதுகாப்பு எண், மருத்துவப் பரிசோதனை, பள்ளிச் சேர்க்கை எல்லாம் முடியணும். மொழிபெயர்ப்பாளர் செலவு ஆஸ்பத்திரி தலையில். 21 வயதுவரை பள்ளியில் சேரலாம் என்பது மாநிலச் சட்டம். 17 முதல் 20 வயதில் வந்தவர்களை உயர்நிலைப் பள்ளியில் சேர்க்கவில்லை என்று 2015இல் யூட்டிகா பள்ளி நிர்வாகத்தின்மேல் மாநில அரசின் தலைமை வழக்கறிஞரான அட்டர்னி ஜெனரலே வழக்குப் போட்டார். கையில் காசில்லாத நிர்வாகம் இப்படித்தான் குறுக்குவழி பார்க்கும்.

அடிமாட்டு விலை வீடு என்றீர்களே, 1978க்கு முந்தைய பல வீடுகளில் ஈயப் பெயிண்ட் இருக்கும். மேலும் கீழும் நகர்த்தித் திறக்கும் ஜன்னலின் தடத்தில் அது உரசித் தூளாகும். தவழும் குழந்தை அதைத் தொட்டுக் கையை வாயில் வைக்கும். வந்திறங்கியபோது சுத்தமாயிருந்த ரத்தத்தில் சில மாதத்தில் ஈயம் ஏறிவிடும்.

தாமரைச்செல்வன்:
அதனால்தான் ஆறு வயதுக்குட்பட்ட அகதிக் குழந்தைகளுக்கு 3 முதல் 6 மாதத்தில் ரத்தத்தில் ஈய மறுபரிசோதனை. விளக்குமாறு போட்டால் தூள் பறக்கும், ஈரத்துணியால்தான் துடைக்கணும். நிரந்தரத் தீர்வு ஜன்னலையே மாற்றுவது. ஈயம் அகதியோடு விமானத்தில் வரவில்லையே! முன்னால் குடியிருந்த ஏழைக்கும் அதே தூள்தான்.

வேம்பு:
ஒஹாயோவின் ஸ்பிரிங்ஃபீல்டு? 60,000கூட இல்லாத ஊரில் சில ஆண்டுகளில் 12,000 முதல் 20,000 ஹெய்தியர்கள் என்றது நகராட்சி. கிளினிக்கில் நெரிசல், வாடகை எகிறியது. 2024 செப்டம்பரில் ஆளுநர் டிவைன் மருத்துவத்துக்கு 25 லட்சம் டாலர் ஒதுக்க வேண்டி வந்தது.

தாமரைச்செல்வன்:
அவர்கள் அகதித் திட்டத்தில் வந்தவர்கள் அல்ல. பலர் தற்காலிகப் பாதுகாப்பு அனுமதி (சொந்த நாட்டு நிலைமையால் திருப்பி அனுப்பாமல் தங்கவிடும் அனுமதி) பெற்று, வேலை தேடித் தாங்களாக அந்த ஊருக்கு வந்தவர்கள். வீடு பார்த்துக் கொடுக்க மீள்குடியேற்ற முகமை இல்லை, ஊருக்கு முன்தகவலும் இல்லை. அகதித் திட்டத்தில் முகமைகள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை உள்ளூர் நிர்வாகத்தோடு கலந்து பேசணும். ஃபெடரல் சட்டமே சொல்கிறது.

ஆற்றங்கரை:
பேசணும், அவ்வளவுதான், சம்மதம் வாங்கணும் என்றில்லை. வெர்மான்ட் மாநிலத்து ரட்லண்டில் 2016இல் மேயர் 100 சிரியர்களுக்கான திட்டத்தை அறிவித்தபோது, எங்களிடமே மறைத்துவிட்டார் என்று நகரமன்ற உறுப்பினர்கள் கொதித்தார்கள். அடுத்த மார்ச்சில் தேர்தலில் தோற்றார். காலி வீடு எத்தனை, அதில் ஈயம் சோதித்தது எத்தனை, பள்ளியில் மொழி ஆசிரியர் எத்தனை பேர்? இந்தப் பட்டியலை முதலில் ஊர் முன்னால் வைக்கட்டும். எத்தனை குடும்பம் என்பதை அப்புறம் பேசலாம்.