ஈரக்காற்றில் ஒய்பிசிஓ படலமும் வெள்ளி காண்டாக்டும்: உங்கள் அனுபவம் என்ன?

தோவாளைக்காரன்:
நாகர்கோவிலில் ஒரு லேபில், வெளியூரிலிருந்து வாங்கிய ஒய்பிசிஓ படலங்களை அளந்தோம். ஒய்பிசிஓ என்பது இட்ரியம், பேரியம், செம்பு, ஆக்சிஜன் சேர்ந்த மீகடத்தி; குளிர்வித்தால் 92 கெல்வின் பக்கம் மின்தடை அடியோடு போய்விட வேண்டும். அதை முக்கிக் குளிர்விக்கும் திரவ நைட்ரஜன் 77 கெல்வின், அதனால் தாராளம். ஆனி மாதச் சாரல் நேரம். படலத்தின் மேல் நேராக சில்வர் பெயின்ட் தொட்டு நாலு கம்பி ஒட்டினோம். கரண்டைக் கொஞ்சம் கூட்டினால் போதும், கரண்ட் முனையைச் சுற்றி நைட்ரஜன் பொரபொரவென்று கொதிக்கும். இரண்டு கம்பியில் கரண்ட் விட்டு, மற்ற இரண்டில் வோல்டேஜ் பார்க்கும் நாலுமுனை அளவையில் காண்டாக்ட் தடை (கம்பி படலத்தைத் தொடும் இடத்தின் தடை) கணக்கில் வராதுதான், ஆனால் அது கிளப்பும் சூடு படலத்துக்குத்தானே போகும்! படலத்தில் கோளாறு இல்லை, மேல்தோலில்தான். பேரியம் ஈரத்தோடும் கார்பன் டை ஆக்சைடோடும் சேர்ந்து, மின்சாரம் போகாத ஹைட்ராக்சைடும் கார்பனேட்டுமாகிவிடுகிறது. கடல் இவ்வளவு பக்கத்தில் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

குழித்துறை அக்கா:
தம்பி, அவசரத்துக்கு நான் பயன்படுத்துவது இண்டியம் என்கிற மெத்தென்ற உலோகம்தான். பிளேடால் சின்னத் துண்டு நறுக்கி, கம்பியோடு சேர்த்து அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும். படலம் மீகடத்தியாக மாறுகிறதா என்று பார்க்க அது போதும். பெரிய கரண்டுக்கு ஆகாது. இண்டியம், அலுமினியம், குரோமியம் எல்லாம் படலத்தின் ஆக்சிஜனைப் பிடுங்கித் தாங்கள் ஆக்சைடாகிவிடும். தங்கமும் வெள்ளியும்தான் சும்மா இருக்கும்.

தக்கலை:
அக்கா சொன்னதேதான். நான் இருந்த இடத்தில், படலம் வளர்த்த அறையைத் திறக்காமலே வெள்ளி படிய வைப்பார்கள். அப்புறம் ஆக்சிஜனில் 450 டிகிரி செல்சியஸ் பக்கம் சூடாக்குவார்கள். அந்தச் சூட்டில் வெள்ளி, படலத்துக்கு வேண்டிய ஆக்சிஜனை உள்ளே விடும், தங்கம் அவ்வளவு விடாது. அதனால் என் ஓட்டு வெள்ளிக்குத்தான். ஒன்று, வெள்ளி மெலிசாக இருந்து சூடும் கூடினால் முத்துமுத்தாகத் திரண்டுவிடும். சரியாக வந்தால் காண்டாக்ட் தடை, ஓம்-சதுர சென்டிமீட்டர் கணக்கில் 10 லட்சத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கும்.

தோவாளைக்காரன்:
அண்ணாச்சி, வாங்கிவரும் படலத்துக்கு என்ன வழி?

தக்கலை:
வெள்ளி பூசியே அனுப்பச் சொல்லுங்கள். முடியாவிட்டால் ஆர்கான் அயனியால் மேல்தோலைச் சுரண்டி, காற்றுப் படாமல் வெள்ளி போடலாம். இன்னொன்று: அளந்து முடித்ததும் படலத்தைச் சட்டென்று வெளியே தூக்காதீர்கள், நம்மூர்க் காற்றில் பனி பிடித்து நனைந்துவிடும். குடுவைக்குள்ளேயே, திரவத்துக்கு மேலே நைட்ரஜன் ஆவியில் நிறுத்திக் குளிர் குறைந்தபின் எடுத்து, நேரே சிலிக்கா ஜெல் டப்பாவுக்குள் வையுங்கள்.