கால் தெரியாத வீடியோ வேண்டாம்: வீட்டில் கிக்பாக்சிங் செய்தவர்களின் அனுபவங்கள்

ஹட்டனிலிருந்து:

போன வருடம் கிளினிக்கில் சீனி கொஞ்சம் கூடியிருக்கிறது என்று சொல்லி, தினமும் அரை மணித்தியாலம் நடக்கச் சொன்னார்கள். ஜூன், ஜூலையில் ஹட்டனில் நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், காற்று குடையைத் திருப்பிவிடும், புல்லில் கால் வைத்தால் அட்டை. வேலை முடிந்து வரும்போது இருட்டிவிடுகிறது, தோட்டத்து ரோட்டில் நாய்த் தொல்லை வேறு. சரி, வீட்டுக்குள்ளேயே ஏதாவது செய்வோம் என்று யூடியூபைத் திறந்தேன். ஜூம்பா எனக்குச் சரிவரவில்லை, இடுப்பு சொன்னபடி கேட்காது. அடுத்து வந்தது கார்டியோ கிக்பாக்சிங். குத்துவதும் உதைப்பதும்தானே, ஆபீசில் ஒன்றிரண்டு பேரை நினைத்துக்கொண்டால் தானாக வரும் என்று நினைத்தேன்.

முதலில் எடுத்த வீடியோவின் தலைப்பிலேயே இத்தனை கலோரி எரியும் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். அதைப் பார்த்துத்தான் எடுத்தேன். மூன்றாம் நாள், காலைப் பக்கவாட்டில் சுழற்றி உதைக்கிற ரவுண்ட்ஹவுஸ் கிக் வந்தது. வீடியோவில் சொல்லிக்கொடுக்கிற பெண் உதைத்தார், நானும் உதைத்தேன். முழங்காலுக்குள் ஏதோ முறுக்கியது போல இருந்தது. அதற்குப் பிறகு இரண்டு வாரம் படியில் ஒற்றைக் காலை முன்னால் வைத்துத்தான் இறங்கினேன்.

வலி குறைந்த பிறகு அதே இடத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். அந்த உதையில் தூக்குகிற காலைவிட நிற்கிற கால்தான் முக்கியமாம். உதைக்கும்போது நிற்கிற கால் முன்பாதத்தில் சுழன்று, குதிகால் உதை போகும் திசைக்குத் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் இடுப்பு ஒரு பக்கம், பாதம் ஒரு பக்கம், நடுவில் இருக்கிற முழங்கால்தான் அனுபவிக்கும். அந்தப் பெண் ஒழுங்காகத்தான் திருப்பியிருப்பார். ஆனால் அந்த நேரம் கேமரா அவர் முகத்தில் இருந்தது. வீடியோ முழுக்க இப்படித்தான். மூன்று செக்கனுக்கு ஒரு முறை கோணம் மாறுகிறது, இடுப்புக்குக் கீழே எதுவும் தெரியவில்லை.

அதிலிருந்து ஒரு வீடியோவைச் செய்வதற்கு முன் ஒரு சாயத்தண்ணியோடு உட்கார்ந்து, சத்தத்தை மூடிவிட்டுப் பார்க்கிறேன். தலை முதல் பாதம் வரை தெரிகிறதா என்பதுதான் முதல் கேள்வி. தெரியவில்லை என்றால் அங்கேயே மூடிவிடுவேன். அடுத்தது, உதையை வேகமாகச் செய்வதற்கு முன் ஒரு தடவையாவது மெதுவாகக் காட்டுகிறார்களா என்று பார்ப்பேன். குத்திய கை தாடைக்குத் திரும்பி வருகிறதா என்பதும் முக்கியம். காற்றில் குத்தும்போது கையைத் தடுத்து நிறுத்த எதிரே ஒன்றும் இல்லை, முழங்கைதான் பிரேக். கையை முழுதாக நீட்டிப் பூட்டுகிறவரின் வீடியோவைப் பின்பற்றினால் ஒரு வாரத்தில் முழங்கை பேச ஆரம்பித்துவிடும்.

பாட்டின் வேகத்தையும் எண்ணிப் பார்ப்பேன். 15 செக்கனில் எத்தனை தட்டு என்று எண்ணி நான்கால் பெருக்குங்கள். என்னை மாட்டிவிட்ட வீடியோவில் 39 வந்தது, அப்படியென்றால் நிமிடத்துக்கு 156. அந்த வேகத்தில் எனக்குக் காலைத் தூக்கவே நேரம் போதாது, பாதத்தை எங்கே திருப்புவது? பிளேபேக் ஸ்பீடை 0.75 ஆக்கினால் பாட்டு கொஞ்சம் அழுவது போல இழுக்கும், ஆனால் உதை ஒழுங்காக வரும்.

கலோரிக் கணக்கை நம்பாதீர்கள். நான் 54 கிலோ, அண்ணன் 83 கிலோ. ஒரே வீடியோவுக்கு இரண்டு பேருக்கும் ஒரே கணக்கு எப்படி வரும்?

பண்டாரவளையிலிருந்து:

அக்கா சொன்னது சரிதான். ஆனால் எனக்கு முதலில் வந்த பிரச்சினை கால் இல்லை, சுவர்.

எங்களுடையது பழைய லயம், தோட்டத்து வரிசை வீடு. காம்பரா பத்துக்குப் பன்னிரண்டு அடி, அதிலே ஒரு கட்டில், அலுமாரி, அம்மாவின் தையல் மெஷின். பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரே சுவர். காலையில் ஐந்தரைக்குத் துள்ளித் துள்ளிக் குத்த ஆரம்பித்தேன். இரண்டாம் நாள் பக்கத்து வீட்டு மாமா பீலியடியில் வைத்துக் கேட்டார்: “ஏன் தம்பி, விடியக்காலையில வீட்டுக்குள்ள மாவு இடிக்கிறீங்களா?”

வீடியோவில் இருப்பவர் நாலு எட்டு இடப்பக்கம், நாலு எட்டு வலப்பக்கம் என்று ஓடுகிறார். அவருடைய ஸ்டூடியோவில் எங்கள் லயத்தில் மூன்று வீடு வைக்கலாம். நான் இரண்டாவது எட்டிலேயே தையல் மெஷினின் மிதியை உதைத்துவிட்டேன். பெருவிரல் நகம் இன்னும் கறுப்பு.

இப்போது துள்ளல் இல்லாத வீடியோவைத்தான் தேடுகிறேன். ‘லோ இம்பாக்ட்’ என்று போட்டுத் தேடினால் வரும். ஒரு கால் எப்போதும் தரையில் இருக்கும், சத்தம் இல்லை. வியர்வை குறையும் என்று நினைக்காதீர்கள். நன்றாகக் குந்தி எழும்பிக் குத்தினால் அதிலும் சட்டை நனைகிறது. இடமும் பார்த்துக்கொள்ளுங்கள். நடுவில் நின்று ஒரு காலை முன்னால், பின்னால், இரண்டு பக்கமும் நீட்டிப் பாருங்கள். எங்கேயாவது இடித்தால் அந்தப் பக்கத்து உதை உங்களுக்கு இல்லை.

டேட்டா பிரச்சினை உள்ளவர்கள், நைட் டேட்டாவில் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பாதி உதையில் வட்டம் சுற்ற ஆரம்பித்தால் உடம்பு ஆறிவிடும்.

நுவரெலியாவிலிருந்து:

இங்கே வேறு கதை. ஜனவரியில் விடியற்காலையில் சீமெந்துத் தரையில் கால் வைக்கவே முடியாது, சில நாள் புல் மேல் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும். வீடியோவில் வார்ம் அப் மூன்று நிமிடம். யாருக்கு, வெயில் நாட்டுக்காரருக்கா? நான் அந்த மூன்று நிமிடத்தையே மூன்று தடவை ஓடவிடுகிறேன். சுவெட்டரைக் கழற்றத் தோன்றும்போதுதான் முதல் உதை. வார்ம் அப்பே இல்லாமல் நேராகக் குத்தத் தொடங்கும் வீடியோக்களும் இருக்கின்றன, அவற்றைத் தொடுவதில்லை.

லீவுக்கு வந்த கொழும்புத் தங்கச்சி மகள் என்னோடு சேர்ந்து செய்தாள். அங்கே ஜிம்முக்குப் போகிற பிள்ளை, பத்து நிமிடத்தில் சோபாவில் உட்கார்ந்துவிட்டாள். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீட்டர். கீழிருந்து வருகிறவர்களுக்கு முதல் சில நாள் மூச்சு கொஞ்சம் சீக்கிரம் வாங்கும், அது வெட்கப்பட வேண்டிய விஷயம் இல்லை. செய்துகொண்டே பேசிப் பாருங்கள். ஒரு முழு வசனம் பேச முடிந்தால் மிதமான வேகம், இரண்டு மூன்று சொல்லோடு மூச்சு வாங்கினால் கடும் வேகம். நெஞ்சு இறுக்கினாலோ தலை சுற்றினாலோ பாட்டு முடியட்டும் என்று காத்திருக்காமல் நிறுத்திவிட வேண்டும்.

குளிருக்கு மேஸ் மட்டும் போட்டுக்கொண்டு செய்யாதீர்கள், சீமெந்தில் வழுக்கும். அடியில் பல்லுப் பல்லாக இருக்கிற சப்பாத்தும் வேண்டாம், அது தரையைப் பிடித்துக்கொண்டு பாதத்தைத் திரும்ப விடாது. ஹட்டன் தங்கச்சிக்கு வந்த முழங்கால் வலி அதனாலும் வந்திருக்கலாம்.

மஸ்கெலியாவிலிருந்து:

மலையில் ஏறி இறங்கிக் கொழுந்து எடுக்கிற எங்கள் அம்மாவிடம் இதைக் காட்டினால் சிரிப்பார். நாள் முழுக்க வேலை செய்கிறவர்களுக்கு வீடியோ எதற்கு?

கண்டியிலிருந்து:

சின்ன வயதில் கொஞ்சம் கராத்தே பழகியவன் என்பதால் இரண்டு வார்த்தை. இது சண்டை பழகுவது இல்லை, சண்டை அசைவை எடுத்து ஆடுகிற உடற்பயிற்சி. அமெரிக்காவில் பில்லி பிளாங்ஸ் என்ற கராத்தே வீரர் டேக்வாண்டோவையும் பாக்சிங்கையும் சேர்த்து ‘டே போ’ என்று பெயர் வைத்தார். 90களில் வீடியோ கசெட்டில்தான் அது வீடு வீடாகப் பரவியது. ஆகவே வீட்டில் வீடியோ பார்த்துச் செய்வது ஒன்றும் புதுசு இல்லை.

கையில் டம்பெல் பிடித்துக்கொண்டு குத்தச் சொல்கிற வீடியோக்களை மட்டும் விட்டுவிடுங்கள். தோளும் முழங்கையும் தாங்காது. தண்ணிப் போத்தலும் அதே கதைதான்.

தலவாக்கலையிலிருந்து:

மஸ்கெலியா அண்ணனுக்கு. எங்கள் அம்மா 31 வருடம் கொழுந்து எடுத்து ஓய்வெடுத்தவர். உடம்பு உழைத்ததுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒரே மாதிரி உழைத்தது. கூடையின் கயிறு தலையில், பாரம் முதுகில், குனிந்த கழுத்து. இப்போது வலது கை தோளுக்கு மேலே போகாது. அலுமாரியின் மேல் தட்டில் இருப்பதை எடுக்க என்னைக் கூப்பிடுவார். வேலை நின்ற பிறகு பிரஷரும் வந்தது.

நான் செய்வதைப் பார்த்து முதலில் அவரும் சிரித்தார். “யாரடி அடிக்கப் போற?” என்றார். அப்புறம் மழை விடாத ஒரு நாள் இஸ்தோப்பில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, எனக்கும் சொல்லிக்கொடு என்றார். கிளினிக்கில் கேட்டுவிட்டு, உட்கார்ந்தபடியே செய்கிற வீடியோ ஒன்றைத் தேடி எடுத்தேன். உதை இல்லை. இடது கையால் ஜாப், வலது கையால் கிராஸ் என்று இரண்டு நேர்க்குத்து, அவ்வளவுதான். வலது கையை நெஞ்சு உயரத்துக்கு மேலே தூக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

வேகத்தில் என்னால் அம்மாவைப் பிடிக்க முடியவில்லை. இரண்டு கையும் மாறி மாறி அப்படிப் போகின்றன. ஒன்றுதான் சரியாக வரவில்லை. குத்திய கை தாடைக்குத் திரும்ப வேண்டும் அல்லவா? அம்மாவின் இடது கை தோளைத் தாண்டிப் பின்னால் போகிறது. பிடியை விரித்து எதையோ வீசுவது போல. மூன்று நாள் திருத்திப் பார்த்தேன். அப்புறம்தான் விளங்கியது, கை கூடைக்குப் போகிறது. பறித்த கொழுந்தைப் போட்டுவிட்டுத்தான் அடுத்த குத்து. இப்போது நான் திருத்துவதில்லை.

ஹட்டனிலிருந்து:

கண்டி அண்ணன், நன்றி, டம்பெல் விஷயம் எனக்குத் தெரியாது. எத்தனை நாள் செய்ய வேண்டும் என்று தனியாகக் கேட்டவர்களுக்கு: உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமாக, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையாக என்கிறது. நான் வாரத்தில் மூன்று நாள், 25 நிமிட வீடியோ. மழை இல்லாத நாளில் நடை.

தலவாக்கலைத் தங்கச்சி, அந்த நாற்காலி வீடியோவில் ஆள் முழுதாகத் தெரிகிறாரா? என் மாமியாருக்கும் வேண்டும்.

தலவாக்கலையிலிருந்து:

பாதம் வரை தெரிகிறது அக்கா, அனுப்புகிறேன். அம்மா இப்போது அதைப் பார்ப்பதே இல்லை. ரேடியோவில் பழைய பாட்டு போனால் போதும், நாற்காலியை இழுத்துப் போட்டுவிடுகிறார்.