லங்காவி தெலாகா துஜு நீர்வீழ்ச்சி: முழங்கால் வலியுள்ள தாயாரையும் சிறுவனையும் எந்த மாதத்தில் அழைத்துச் செல்லலாம்?

பிறைவாசகி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் செபராங் பிறையில் வசிக்கிறேன். என் தாயாரையும் 9 வயது மகனையும் லங்காவிக்கு அழைத்துச் சென்று தெலாகா துஜு நீர்வீழ்ச்சியைக் காட்ட விரும்புகிறேன். தாயாருக்கு 69 வயது. தோட்டத்தில் பல ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். இருட்டோடு எழுந்து மேட்டிலும் பள்ளத்திலும் நடந்து பழகிய கால்கள் அவருடையவை. ஆனால் இப்போது வலது முழங்காலில் தேய்மானம் ஏற்பட்டு, படி ஏறுவதைவிட இறங்குவதற்கே மிகவும் துன்பப்படுகிறார். காட்டுக்குள் விழும் ஓர் அருவியைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் பிப்ரவரி மாதத்தில் நானும் மகனும் மட்டும் அங்குச் சென்றோம். பாறையில் ஈரக்கோடு போல ஏதோ கசிந்துகொண்டிருந்ததே தவிர, நீர்வீழ்ச்சி என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. ஆகவே இம்முறை செப்டம்பரில் கிடைக்கும் சிறு விடுமுறையிலா, ஆண்டிறுதி விடுமுறையிலா, எப்போது சென்றால் நீரைக் காணலாம் என்று அறிய விரும்புகிறேன். தாயார் எதுவரை நடக்க முடியும், மேலே உள்ள குளங்களில் சிறுவன் இறங்கலாமா என்பதையும் தெரிவியுங்கள். மலையில் மழை பெய்து திடீரென்று வெள்ளம் இறங்கும் 'கெப்பாலா ஆயர்' பற்றி அடிக்கடி செய்திகளில் படிப்பதால் என் கணவர் இந்தப் பயணத்திற்குத் தயங்குகிறார். அவருடைய அச்சத்தைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. உண்மை நிலையைத் தெரிந்துகொண்டு முடிவெடுக்கவே கேட்கிறேன்.

தீவுச்சாரதி எழுதியது:

வணக்கம் சகோதரி. நான் லங்காவியில் பல ஆண்டுகளாகச் சுற்றுப்பயணிகளுக்கு வாகனம் ஓட்டி வருகிறேன். பிப்ரவரியில் நீங்கள் கண்டது இங்கு வழக்கமான காட்சிதான். தீபகற்பத்தின் கிழக்குக் கரையை வெள்ளத்தில் ஆழ்த்தும் வடகிழக்குப் பருவக்காற்று, நடுவில் நிற்கும் மலைத்தொடரைக் கடந்து எங்கள் பக்கம் வரும்போது பெரும்பகுதி ஈரத்தை இழந்துவிடுகிறது; அதனால் டிசம்பர் பிற்பகுதியிலிருந்து மார்ச் வரை இங்கு மழை மிகக் குறைவு. ஏப்ரலில் தொடங்கும் மழை செப்டம்பரிலும் அக்டோபரிலும் மிகுந்து, நவம்பரில் மெல்லத் தணிகிறது.

செப்டம்பரில் அருவியின் முழுத் தோற்றத்தைக் காணலாம் என்பது உண்மை. ஆனால் அந்த மாதத்தில் ஒரு முதியவரையும் ஒரு சிறுவனையும் ஒன்றாக அழைத்துச் செல்லுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். படிகள் நாள் முழுவதும் ஈரமாகவே இருக்கும். நீர் பெருகும் நாளில் குளங்களில் இறங்கவும் முடியாது. ஆண்டிறுதி விடுமுறையின் முதல் வாரத்தில், அதாவது டிசம்பர் தொடக்கத்திலேயே வந்துவிடுங்கள். முந்தைய மாதங்களில் பெய்த மழை ஓடையில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். வானம் பெரும்பாலும் தெளிந்திருக்கும். கிறிஸ்துமஸ் கழித்து வருவோம் என்று தள்ளிப் போட்டால் நீரின் அளவு கண்கூடாகக் குறைந்துவிடும், கூட்டமும் பெருகிவிடும்.

படிகளைப் பற்றிச் சொல்கிறேன். மேலே உள்ள ஏழு குளங்கள்வரை 638 படிகள் என்று கணக்குச் சொல்வார்கள். எண்ணிக்கையைவிட அவற்றின் செங்குத்துதான் முழங்காலைச் சோதிக்கும். பாதை வழியில் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று அருவி விழும் அடிவாரக் குளத்திற்கும், மற்றொன்று உச்சியில் உள்ள குளங்களுக்கும் செல்கிறது. உங்கள் தாயாரை அடிவாரக் குளத்திற்கு மட்டும் அழைத்துச் செல்லுங்கள். அருவியின் முகத்தைக் கீழே நின்றால்தான் பார்க்க முடியும். மேலே போனவர்களுக்கு அருவியே தெரியாது, அது அவர்களுடைய காலடிக்குக் கீழே விழுந்துகொண்டிருக்கும். ஆகவே அவர் எதையோ இழந்துவிட்டதாக நீங்கள் எண்ண வேண்டியதில்லை. இறங்கும்போது வலி அதிகம் என்று எழுதியிருக்கிறீர்கள். கைத்தடி ஒன்றைக் கட்டாயம் கொண்டு வாருங்கள், திரும்பும் நேரத்தை ஏறிய நேரத்தைப்போல் இரு மடங்காகக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

உச்சிக் குளங்களில் நீர் குறைவாக உள்ள நாளில், வழவழப்பான பாறைச் சரிவில் பிள்ளைகள் ஒரு குளத்திலிருந்து அடுத்ததற்குச் சறுக்கி விளையாடுவார்கள். மகிழ்ச்சியான காட்சிதான். ஆனால் அந்த ஓடை சற்றுத் தூரத்திலேயே மலை விளிம்பிலிருந்து கீழே பாய்கிறது. அங்கே தடுப்பு வேலியும் எச்சரிக்கைப் பலகையும் வைக்கப்பட்டிருக்கின்றன. படம் எடுப்பதற்காக வேலியைத் தாண்டி விளிம்புவரை போகும் இளைஞர்களைப் பார்க்கும்போதெல்லாம் என் வயிறு கலங்கும். ஈரப் பாசி படிந்த அந்தப் பாறையில் ஒருமுறை கால் வழுக்கினால் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. வேலிக்கு அப்பால் ஒரு காலடிகூட வைக்கக் கூடாது என்று மகனிடம் வீட்டிலேயே சொல்லி அழைத்து வாருங்கள்.

குரங்குகள் நிறைய உண்டு. பிளாஸ்டிக் பையைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு நடந்தால் அதில் உணவு இருப்பதாக எண்ணிப் பறித்துவிடும். முதுகுப்பையில் வைத்து மூடிவிடுங்கள். காலை 8 மணிக்கே வந்துவிட்டால் வெயிலும் இராது, மழையும் இராது. மழை பெரும்பாலும் பிற்பகலில்தான் வரும்.

ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர் எழுதியது:

நண்பர் தீவுச்சாரதி கூறிய அனைத்தையும் ஏற்கிறேன், இறுதி வரியைத் தவிர. காலையில் மழை இராது என்பதை மேற்குக் கரையில் விதியாகக் கொள்ளக் கூடாது. ஏறத்தாழ ஏப்ரல் முதல் நவம்பர் வரை, 'சுமத்ரா' என்று நாம் அழைக்கும் இடிமழைத் தொடர்கள் இரவில் மலாக்கா நீரிணையின் மேல் உருவாகி, விடியற்காலையிலோ முற்பகலிலோ கரையை வந்தடைவது வழக்கம். டிசம்பரில் இந்த ஆபத்து குறைந்துவிடும். ஆனால் செப்டம்பரில் செல்ல நேரும் மற்ற வாசகர்கள், காலை நேரம் என்ற ஒன்றை மட்டும் நம்பி மலை ஏற வேண்டாம் என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன்.

தெலாகா துஜுவில் நீர் ஏன் இவ்வளவு விரைவாகப் பெருகி, அதே விரைவில் வற்றுகிறது என்பதற்கு மலையின் அமைப்பே விடை. இந்த ஓடை பிறக்கும் மச்சிஞ்சாங் மலை, ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த மணற்கல்லால் பெரும்பாலும் ஆனது. மலேசியாவின் மிகப் பழைமையான பாறைகள் இங்குதான் உள்ளன. 2007ஆம் ஆண்டில் லங்காவிக்கு உலகப் புவிப்பூங்கா என்னும் தகுதி கிடைத்ததற்கும் இம்மலை ஒரு முதன்மைக் காரணம். மலையின் உயரம் ஏறக்குறைய 700 மீட்டர்தான்; சரிவோ மிகச் செங்குத்தானது. கெட்டியான பாறையின்மேல் மண் மெல்லிய போர்வையாகவே படிந்திருப்பதால், பெய்த மழையைத் தேக்கிவைத்து மெல்லக் கசியவிட அங்கு இடமில்லை. சிறிய நீர்ப்பிடிப்பில் விழுந்த மழை சிறிது நேரத்திலேயே ஓடையில் சேர்ந்துவிடுகிறது. பிப்ரவரியில் நம் சகோதரி கண்ட ஈரக்கோட்டிற்கும், அவருடைய கணவர் அஞ்சும் கெப்பாலா ஆயருக்கும் காரணம் ஒன்றே. அந்தக் குளங்களின் வட்ட வடிவும் நீரின் வேலைதான்; வெள்ளம் உருட்டி வரும் கற்கள் பள்ளத்தில் சுழன்று சுழன்று பாறையைக் கிண்ணம்போல் கடைந்திருக்கின்றன. அந்தக் கற்களை நகர்த்தும் அளவுக்கு ஓடைக்கு வலிமை உண்டு என்பதைக் குளத்தில் இறங்குமுன் ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

கெப்பாலா ஆயரைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை பரவியுள்ளது. நம் தலைக்கு மேல் வானம் நீலமாக இருந்தால் ஆபத்து இல்லை என்று பலர் கருதுகிறார்கள். மழை உச்சியில் பெய்தால் போதும். சில நேரங்களில் விழுந்த மரங்களும் சருகும் ஓடையை அடைத்து நீரைத் தேக்கி, பிறகு அந்த அடைப்பு மொத்தமாக உடைந்து இறங்கும். 2021 ஆகஸ்டு 18 அன்று நமது கெடா மாநிலத்திலேயே, குனோங் ஜெராய் மலையிலிருந்து இறங்கிய வெள்ளம் யான் வட்டாரத்தில் உயிர்களைப் பறித்ததைப் பலரும் மறந்திருக்க மாட்டோம். தெளிந்த நீர் திடீரென்று கலங்கினாலோ, இலைகளும் குச்சிகளும் மிதந்து வரத் தொடங்கினாலோ, மேலிருந்து வரும் ஓசை கனத்தாலோ, பொருள்களை எடுக்க நிற்காமல் பக்கவாட்டில் உள்ள மேட்டிற்கு ஏறிவிட வேண்டும். ஓடையை ஒட்டிக் கீழ்நோக்கி ஓடக் கூடாது. பெரியவர் ஒருவர் நீரில் இறங்காமல், ஓடையின் மேற்பக்கத்தைப் பார்த்தபடியே கரையில் அமர்ந்திருப்பது நல்ல ஏற்பாடு.

கூலிம் தாதி எழுதியது:

ஒரு மருத்துவக் குறிப்பைச் சேர்க்க விரும்புகிறேன். நீர்வீழ்ச்சிகளில் குளிப்பவர்களுக்கு எலிக்காய்ச்சல் வரும் வாய்ப்பு நம் நாட்டில் உண்மையானது. எலி முதலிய விலங்குகளின் சிறுநீர் கலந்த நீரிலிருந்து அந்தக் கிருமி, தோலில் உள்ள காயம், கண், மூக்கு, வாய் வழியாக உடலுக்குள் செல்கிறது. காலில் சிறு கீறல் இருந்தாலும் நீர் புகாத ஒட்டுத்துணியால் மூடுங்கள்; ஓடை நீரைக் குடிக்க வேண்டாம்; சாப்பாட்டுக் குப்பையைப் பாறையில் விட்டு வர வேண்டாம், எலிகளை வரவழைப்பது அதுதான்.

என் சொந்தத் தம்பிக்கு ஒரு நீர்வீழ்ச்சிக்குச் சென்று வந்த பத்தாம் நாளில் கடுங்காய்ச்சலும், கெண்டைக்காலில் தாங்க முடியாத வலியும், கண் சிவப்பும் வந்தன. முதலில் பார்த்த இடத்தில் டெங்கிக்கான சோதனையே செய்தார்கள். அருவியில் குளித்ததை அவன் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. மூன்று நாள் கழித்து அதைச் சொன்ன பிறகே உரிய சோதனை நடந்தது. நுண்ணுயிர்க்கொல்லி மருந்தால் தேறினான். அறிகுறிகள் பெரும்பாலும் 5 முதல் 14 நாள்களுக்குள் தோன்றும், சிலருக்கு ஒரு மாதம்வரை ஆகலாம். வீடு திரும்பிய பிறகு யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், "நீர்வீழ்ச்சியில் குளித்தோம்" என்ற செய்தியை மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லிவிடுங்கள், அக்கா.

பிறைவாசகி எழுதியது:

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. ஆசிரியர் ஐயாவின் விளக்கத்தை என் கணவருக்குப் படித்துக் காட்டினேன். ஆபத்து இல்லை என்று யாரும் மழுப்பாமல், அது எங்கிருந்து வருகிறது என்பதைச் சொன்னதால் அவருடைய தயக்கம் குறைந்திருக்கிறது. கரையில் அமர்ந்து மேற்பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைத் தாமே ஏற்றுக்கொள்வதாகச் சொன்னார். டிசம்பர் முதல் வாரம் என்று முடிவு செய்துவிட்டோம். கோலா கெடாவில் படகு ஏறுவோம். இரண்டு ஐயங்கள் மட்டும் எஞ்சியுள்ளன. அன்று அம்மாவுக்கு முழங்கால் வலி கூடினால், படி குறைவான வேறு அருவி தீவில் உண்டா? எந்தக் காலணி நல்லது?

தீவுச்சாரதி எழுதியது:

முதலில், காலை மழை பற்றி நான் எழுதியதை ஆசிரியர் ஐயா திருத்தியது சரியே. டிசம்பரில் நான் கண்ட வழக்கத்தை ஆண்டு முழுவதற்கும் பொருந்துவதுபோல் எழுதிவிட்டேன்.

படி குறைவான இடம் வேண்டுமென்றால், டத்தாய் செல்லும் சாலையில் உள்ள தெமுருன் அருவிக்குச் செல்லலாம். சாலையிலிருந்து சிறிது தூரமே நடக்க வேண்டும்; மூன்று அடுக்காக விழும் உயரமான அருவி அது. ஆனால் டிசம்பர் நகர நகர அங்கும் நீர் குறைந்துவிடும். தீவின் நடுவில் உள்ள குனோங் ராயாவின் சரிவில் டுரியான் பெராங்கின் அருவி இருக்கிறது. உயரத்திற்குப் பெயர் பெற்றதன்று. பல அடுக்குகளாகக் காட்டு நிழலில் இறங்கி வரும். கீழ் அடுக்குகளிலேயே நின்றுகொள்ளலாம் என்பதால் பாட்டியும் பேரனும் சேர்ந்து நீரில் கால் நனைக்க அதுவே ஏற்ற இடம் என்பது என் எண்ணம். தீவில் பொதுப் பேருந்தை நம்பிப் பயணம் செய்ய முடியாது. குவா படகுத்துறையிலேயே வாடகைக் காரை எடுத்துக்கொள்ளுங்கள்.

காலணிக்கு விலை உயர்ந்த எதுவும் தேவையில்லை. 'கம்போங் அடிடாஸ்' என்று எல்லோரும் அழைக்கும் கறுப்பு ரப்பர் காலணி ஈரப் பாறையில் நன்றாகப் பிடிக்கும், நீர் புகுந்தாலும் எளிதில் உலர்ந்துவிடும். காட்டுப் பாதையில் எங்கள் வழிகாட்டிகள் பலரும் அதைத்தான் அணிகிறார்கள். தோட்டத்தில் வேலை செய்த உங்கள் தாயாருக்கு அது பழகிய பொருளாகவே இருக்கும். அளவு பார்த்து ஒரு சோடி வாங்கி, பயணத்திற்கு முன் வீட்டிலேயே இரண்டு நாள் நடந்து பார்க்கச் சொல்லுங்கள். படகுச் சீட்டு எடுத்ததும் வரும் தேதியை இங்கே தெரிவியுங்கள். அதற்கு முந்தைய நாள் மாலை நான் தெலாகா துஜு பக்கம் சென்று, ஓடையில் நீர் எப்படி ஓடுகிறது என்று பார்த்து எழுதுகிறேன்.