பிரிவிலேஜ் எஸ்கலேஷனுக்கு ‘சிறப்புரிமை உயர்வு’ வேண்டாம்

வணக்கம்.

நம் கலைச்சொல் பட்டியலின் இயங்குதளப் பாதுகாப்புச் சொற்களில் பிரிவிலேஜ் எஸ்கலேஷனை, அதாவது ஒரு பயனர் தனக்குக் கொடுக்கப்படாத அதிகாரத்தைக் கணினியில் கைப்பற்றுவதை, ‘சிறப்புரிமை உயர்வு’ என்று போட்டிருக்கிறோம். இதை மாற்றியே ஆக வேண்டும். உயர்வு என்றால் சம்பள உயர்வு, பதவி உயர்வு மாதிரி யாரோ பார்த்துக் கொடுப்பது. இங்கே யாரும் கொடுக்கவில்லையே.

2022 ஜனவரியில் வெளியே தெரியவந்த பவுன்கிட் என்ற பாதுகாப்பு ஓட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். லினக்ஸில் பிகேஎக்செக் என்று ஒரு சிறு நிரல். சாதாரணப் பயனர் இயக்கினாலும் அது ரூட் (எதையும் செய்யக்கூடிய தலைமைக் கணக்கு) அதிகாரத்தோடுதான் ஓடும், ஏனென்றால் இவருக்கு இந்த வேலையைச் செய்ய அனுமதி உண்டா என்று சோதித்து, உண்டென்றால் ரூட்டாக நின்று செய்துகொடுப்பதே அதன் பணி. அதை அழைக்கும்போது நிரலின் பெயர்கூட இல்லாத காலி ஆர்க்யுமென்ட் பட்டியலை (நிரலுக்குக் கொடுக்கும் உள்ளீடுகளின் பட்டியல்) கொடுத்தால், பட்டியலின் எல்லையைத் தாண்டி நினைவகத்தில் பக்கத்தில் இருக்கும் சூழல் மாறிகளை (நிரலுக்குத் தரப்படும் அமைப்பு மதிப்புகள்) படித்து, அதே இடத்தில் எழுதியும்விடும். அது போதும், கணினியில் வெறும் கணக்கு மட்டும் வைத்திருப்பவர் ரூட் ஆகிவிடலாம். 2009-இல் வந்த முதல் பதிப்பிலிருந்தே அந்த நிரலில் இருந்த பிழை இது, உபுண்டு, டெபியன், ஃபெடோரா என்று லினக்ஸ் வகைகள் எல்லாவற்றையும் பாதித்தது. இயங்குதளத்தின் மையமான கர்னலில்கூட இல்லை, இயங்குதளம் நம்பி அதிகாரம் கொடுத்த துணை நிரல் ஒன்றில்!

யார் எதைத் தொடலாம் என்று வரம்பு போடுவது இயங்குதளத்தின் தலையாய வேலை. அந்த வரம்பைத் தாண்டுவதற்குத்தான் பெயர் தேடுகிறோம். ‘உரிமை மீறல்’ சட்டமன்றத்துக்கும் மனித உரிமை வழக்குகளுக்கும் போய்விட்ட சொல். ‘அதிகார அத்துமீறல்’ அதிகாரம் உள்ளவர் செய்வது, இங்கே செய்பவர் அது இல்லாதவர்.

நான் முன்வைப்பது ‘அதிகாரத் தாவல்’. கட்சித் தாவல் புழங்கும் மொழியில் இது யாருக்கும் விளங்கும். ரூட்டுக்கு ஏறினால் மேல்தாவல், அதே நிலையில் உள்ள இன்னொருவர் கணக்குக்குள் புகுந்தால் பக்கத்தாவல். ‘உயர்வு’ என்று வைத்தால் இந்த இரண்டாவது வகைக்கு இடமே இல்லை. உலாவியின் டேபையும் தாவல் என்கிறோமே என்றால், சரிதான், அதனால் ‘அதிகார’ என்பதை விடாமல் சேர்த்தே எழுதுவோம்.

அப்புறம், பிரிவிலேஜுக்கே ‘சிறப்புரிமை’ எதற்கு? சாதாரணப் பயனருக்கும் பிரிவிலேஜ் உண்டு, அளவுதான் குறைவு. ‘அதிகாரம்’ என்றே வைத்தால் ‘குறைந்தபட்ச அதிகாரக் கொள்கை’ (வேலைக்குத் தேவையான அதிகாரத்தை மட்டும் கொடுப்பது) என்பதும் தானாக அமைந்துவிடும். இயங்குதளத்தை ‘பணிசெயல் முறைமை’ என்று படித்த இலங்கை நண்பர்கள், அங்கே பாடநூலில் வேறு சொல் ஏற்கெனவே இருந்தால் பட்டியலைப் பூட்டுவதற்கு முன் சொல்லுங்கள்.