அமெரிக்க ரேஸில் எக்ஸ்சேஞ்ச் பெட்டிங் மறுபடி வருமா?

அல்சூர்_குமரன்:
மாப்பிள்ளை நியூ ஜெர்சியில் இருக்கார். போன கோடையில அங்கே மான்மவுத் பார்க் ரேஸ் மைதானம் போய் 4-க்கு 1 இருந்த குதிரை மேல 10 டாலர் கட்டியிருக்கார். கேட் திறந்து குதிரைங்க பாதி தூரம் ஓடினப்புறம் போர்டைப் பார்த்தா 5-க்கு 2. ஜெயிச்சும் லாபம் 40 வரவேண்டிய இடத்துல 25தான். எக்ஸ்சேஞ்ச்னா கட்டறவங்களே தங்களுக்குள்ள, ஒருத்தன் வரும்னும் இன்னொருத்தன் வராதுன்னும் கட்டறது; எதிர்ல ஒருத்தன் ஒத்துக்கிட்ட ரேட் அப்படியே நிக்குமே! அந்த ஊர்லயே இருந்துச்சாமே, ஏன் மூடிட்டாங்க?

பழைய_டோட்காரன்:
குமரன், நான் பெங்களூரு ரேஸ் கோர்ஸ்ல 22 வருஷம் டோட் ஜன்னல்ல டிக்கெட் குடுத்தவன். டோட்னா எல்லார் பணத்தையும் ஒண்ணா சேர்த்து, ஜெயிச்சவங்களுக்குப் பங்கு போடறது; அதான் கடைசிவரை ரேட் மாறும். ஒரு பெரியவர் வாரா வாரம் ரேஸ் புக்கை நாலா மடிச்சு, பேவரைட் (ஜெயிக்கும்னு நிறைய பேர் கட்டற குதிரை) மேல பென்சில்ல பெருக்கல் குறி போட்டு நீட்டுவார். "தம்பி, இது வராது. வராதுன்னு ஒரு டிக்கெட் குடு." டோட்ல ஏது அது? "மத்த ஏழு குதிரை மேலயும் கட்டுங்க சார்"னு சொல்வேன். எக்ஸ்சேஞ்ச் அவருக்கான ஜன்னல்தான்.

சிக்கல் காசுல. கலிபோர்னியாவில் வின் டிக்கெட் பணத்துல 15.43% முதல்லயே வெட்டிடுவாங்க. பரிசுப்பணமும் அதுலேர்ந்துதான். பிரிட்டன்ல பெட்ஃபேர்ங்கற எக்ஸ்சேஞ்ச் கம்பெனி வாங்கினது பெரும்பாலும் ஜெயிச்சவன் லாபத்துல 5%. கட்டுறவனுக்குக் கொண்டாட்டம், குதிரைக்காரனுக்கு வயித்தெரிச்சல். அமெரிக்காவோட 1978 சட்டப்படி, மாநிலம் தாண்டி பந்தயம் வாங்கணும்னா ரேஸ் நடத்துற மைதானமும் குதிரைக்காரங்க சங்கமும் சம்மதிக்கணும். மளிகைக்கடைக்காரர்கிட்டயே போய், அவர் திண்ணையில பாதி விலைக்கு விக்க இடம் கேக்கற கதை.

நியூ ஜெர்சியில் 2011ல சட்டம், 2016 மே மாசம் தொடக்கம், 2020ல மூடல். கலிபோர்னியா 2010லயே அனுமதிச்சும் கடை திறக்கவே இல்ல. பெரிய மைதானங்கள் ஒதுங்கி நின்னா ஆள் சேராது. எதிர்ல கட்ட ஆளில்லாத எக்ஸ்சேஞ்ச், சந்தை நாளே இல்லாத சந்தை.

ஜாலஹள்ளி_மணி:
தோக்கும்னு கட்ட விட்டா ஜாக்கி கடிவாளத்தை இழுத்துப் பிடிக்க மாட்டானா? ஜெயிக்க வைக்கிறதுதான் கஷ்டம், தோக்க வைக்க ஒரு கை போதும்.

பழைய_டோட்காரன்:
நியாயமான பயம் மணி. ஆனா எக்ஸ்சேஞ்ச்ல ஒவ்வொரு பைசாவுக்கும் பேர் இருக்கு. 2003லயே பெட்ஃபேர், சந்தேகப் பந்தய விவரத்தைத் தர அப்போ அங்கே ரேஸை மேற்பார்வை பார்த்த பிரிட்டிஷ் ஜாக்கி கிளப்போட ஒப்பந்தம் போட்டுச்சு. தெருமுனை புக்கி துண்டுச்சீட்டுல யார் பேர் இருக்கு?

அமெரிக்காவில வரப்போறது வேறன்னு என் கணிப்பு. நியூ ஜெர்சி 2021ல பிக்ஸட் ஆட்ஸுக்குச் சட்டம் போட்டு, 2022ல மான்மவுத்துல ஆரம்பிச்சாச்சு. கட்டும்போது பார்த்த ரேட்தான் கடைசிவரை. மாப்பிள்ளை அடுத்த தடவை அதைக் கேக்கட்டும். ஆனா விக்கிறது கம்பெனி, வாங்கறது நாம. "வராது" டிக்கெட் அதுல கிடையாது. அதுக்கு எக்ஸ்சேஞ்ச்தான் வேணும், அது அங்கே இப்போதைக்கு எழுந்திரிக்காது.

அல்சூர்_குமரன்:
அண்ணே, அந்தப் பெரியவர் கணிப்பு எப்படி?

பழைய_டோட்காரன்:
அவர் பெருக்கல் குறி போட்டா, நான் டீ பிரேக்ல அதே குதிரையை 10 ரூபாய்க்கு வாங்கிடுவேன்.