அப்பா, அம்மா இருவருக்கும் சர்க்கரை: எந்த ரத்தப் பரிசோதனையை நம்புவது?

மழைக்குருவி:
எனக்கு 33 வயது. அப்பாவுக்கு 41 வயதில் சர்க்கரை வந்தது, அம்மாவுக்கு 48இல். பெற்றோர் இருவருக்கும் இருந்தால் பிள்ளைக்கு வாழ்நாளில் வர ஏறக்குறைய 70 சதவீத வாய்ப்பு என்று படித்ததிலிருந்து தூக்கம் சரியில்லை. அப்பாவின் காலில் வந்த புண்ணுக்கு ஆறு மாதம் கட்டுப் போட்டவள் நான்தான்.

போன வாரம் ரத்தம் கொடுத்தேன். வெறும் வயிற்றில் 91. எச்பிஏ1சி 5.8. முதல் எண்ணைப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. இரண்டாவதோ 5.7ஐத் தாண்டிவிட்டதால் சர்க்கரைக்கு முந்தைய நிலை என்கிறது. டாக்டர் காகிதத்தை அரை நிமிடம் பார்த்தார், "இனிப்பைக் குறைம்மா" என்று அனுப்பிவிட்டார். ஆய்வகத்திலோ மரபணுவும் அமினோ அமிலமும் சேர்ந்த ஒரு பேக்கேஜ் எடுக்கச் சொல்கிறார்கள். பத்து வருடம் முன்பே சொல்லிவிடுமாம். எடுக்கலாமா?

சோதனைக்குழாய்:
19 வருடமாக ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். பேக்கேஜ் கிடக்கட்டும், முதலில் உங்கள் ஹீமோகுளோபின் எவ்வளவு? எச்பிஏ1சி என்பது சிவப்பணுவில் ஒட்டிய சர்க்கரை. அந்த அணு ஏறக்குறைய 120 நாள் உயிரோடு இருக்கும், அதனால்தான் அதை மூன்று மாதக் கணக்கு என்கிறோம். இரும்புச்சத்து குறைந்த ரத்தசோகை இருந்தால் சர்க்கரை ஏறாமலேயே இந்த எண் கொஞ்சம் ஏறிக் காட்டும்.

அந்த 91ஐயும் அப்படியே நம்பிவிடாதீர்கள். எடுத்த ரத்தம் குழாயில் சும்மா நின்றால், அதிலுள்ள அணுக்களே சர்க்கரையைத் தின்னும். ஒரு மணி நேரத்துக்கு 5 முதல் 7 சதவீதம் வரை குறையும். அதைத் தடுக்கத்தான் ஃப்ளோரைடு போட்ட சாம்பல் மூடிக் குழாய். அதுகூட முதல் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு முழுதாகத் தடுக்காது. காலையில் எடுத்ததை மதியம் மெஷினில் ஏற்றும் இடங்களை நான் பார்த்திருக்கிறேன். ஆக, உங்கள் கையில் இருப்பது ஒன்று ஏறியிருக்கக்கூடிய எண், இன்னொன்று இறங்கியிருக்கக்கூடிய எண்.

பின்பெஞ்சு:
மரபணுச் சோதனை நான் எடுத்துப் பார்த்தவன். டிசிஎஃப்7எல்2 என்ற மரபணுவில் எனக்கு இரண்டு பிரதியுமே ஆபத்து வகை. 2006இல் கண்டுபிடித்தார்கள், பெரும்பாலோருக்கு வரும் டைப் 2 சர்க்கரை விஷயத்தில் பரவலாகக் காணப்படும் மரபணு மாற்றங்களில் இதுதான் பலமானது. அதுவே ஒரு பிரதிக்குச் சுமார் 1.4 மடங்குதான் கூட்டுகிறது. உங்கள் அப்பா அம்மா கதையே அதைவிடப் பெரிய தகவல்! அதற்குக் காசு கொடுத்துக் காகிதம் வாங்க வேண்டாம்.

அமினோ அமிலச் செய்தி பொய்யில்லை. 2011இல் அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் ஆய்வில், சர்க்கரை வருவதற்கு 12 வருடம் வரை முன்பு எடுத்துவைத்த ரத்தத்திலேயே லூசின், ஐசோலூசின், வேலின், டைரோசின், ஃபினைல்அலனின் ஐந்தும் கூடுதலாக இருந்ததைப் பார்த்தார்கள். ஆனால் அது கூட்டத்துக்குச் சொன்ன கணக்கு. தனி ஆளுக்கு "இதற்கு மேல் போனால் ஆபத்து" என்று ஒப்புக்கொண்ட எல்லை கிடையாது. அந்த எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்?

மழைக்குருவி:
பழைய காகிதங்களைத் தேடினேன். ஹீமோகுளோபின் 9.6, ரத்தசோகைதான்! இது கண்ணில் படவே இல்லை பாருங்கள். அப்படியானால் எந்தச் சோதனைதான் எடுப்பது?

சோதனைக்குழாய்:
75 கிராம் குளுக்கோஸ் குடித்துப் பார்ப்பது. ரத்தசோகை அதைக் குழப்பாது. இரண்டாவது மணி நேரத்தோடு முதல் மணி நேரத்திலும் எடுக்கச் சொல்லுங்கள், பலர் அதை விட்டுவிடுகிறார்கள். முதல் மணியில் 155ஐத் தொட்டால் கவனம் தேவை என்று சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு 2024இல் சொல்லியிருக்கிறது. வெறும் வயிற்று ரத்தத்தில் இன்சுலினும் பார்த்துவிடுங்கள். சர்க்கரையை இன்சுலினால் பெருக்கி 405ஆல் வகுத்தால் உடம்பு இன்சுலினுக்கு எவ்வளவு மசியாமல் கணையத்தை மூச்சு வாங்க வைக்கிறது என்று ஓரளவு தெரியும். முந்தைய மூன்று நாள் பட்டினி கிடக்காமல் வழக்கம்போலச் சாப்பிடுங்கள், இல்லாவிட்டால் முடிவு தப்பாக ஏறும்.

மழைக்குருவி, ஐந்து மாதம் கழித்து:
சொன்னபடி எடுத்தேன். அந்தத் தண்ணீரை ஐந்து நிமிடத்தில் குடிக்க வேண்டுமாம், பாதியிலேயே நெஞ்சைக் கரித்தது. இரண்டு மணி நேரமும் எழுந்து நடக்கவிடவில்லை. வெறும் வயிற்றில் 94, முதல் மணியில் 171, இரண்டாவது மணியில் 132. இரண்டாவதை மட்டும் பார்த்திருந்தால் 140க்குள் என்று தட்டிக்கொடுத்து அனுப்பியிருப்பார்கள். இன்சுலின் 14, கணக்குப் போட்டால் 3.2. சாதாரணம் இல்லை என்றார் புது டாக்டர். இன்சுலினுக்கு ஆய்வகத்துக்கு ஆய்வகம் அளவு மாறும், அந்த எண்ணிலேயே தொங்காதே என்றும் சொன்னார்.

இரும்பு மாத்திரை நான்கு மாதம் போட்டதில் எச்பிஏ1சி 5.5க்கு வந்துவிட்டது. சந்தோஷப்பட வேண்டிய எண்தான், ஆனால் அந்த 171 தெரிந்த பிறகு அதைப் பார்த்து ஏமாற மனமில்லை. வாரத்துக்கு 150 நிமிடம் வேகநடை, உடம்பு எடையில் 7 சதவீதம் குறை என்றிருக்கிறார்கள். இதுவரை 3 கிலோ.

பின்பெஞ்சு:
அந்த 150, 7 இரண்டும் 2002இல் வந்த பெரிய ஆய்வின் கணக்கு. அதில் இவற்றால் சர்க்கரை வருவது 58 சதவீதம் குறைந்தது, மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரைக்கு 31தான். என்னைப் போல இரண்டு பிரதி உள்ளவர்களுக்கும் நடை வேலை செய்தது. கூடப்பிறந்தவர்கள் உண்டா?

மழைக்குருவி:
தம்பி ஒருவன், 29 வயது. ஊசியைப் பார்த்தாலே மயங்கி விழுவான். அடுத்த வாரம் இழுத்துக்கொண்டு போகிறேன்.