அலமாரியில முதல் இடம் என் சரித்திரத்துக்கா? அது முடியாத புத்தகமாச்சே!

நாவல்பிரியன்:
ஒரு சிறுகதை எழுத்தாளர், பேர் வேண்டாம், தன் வீட்டு புக் ஷெல்ஃபைக் காட்டி வீடியோ போட்டிருக்கார். ரொம்பப் பிடிச்சதுன்னு எடுத்து வெச்சதுல முதல் இடம், பழைய தமிழ் ஏடுகளைத் தேடிப் பதிப்பிச்ச உ.வே.சா.வோட சுயசரிதை என் சரித்திரம். அதுக்குக் கீழதான் தி.ஜானகிராமனோட மோகமுள், அசோகமித்திரனோட 18வது அட்சக்கோடு நாவல் எல்லாம். எரிச்சலா வருது. அது முடியாத புத்தகம்ங்க. 1940ல ஆனந்த விகடன்ல ஆரம்பிச்ச தொடர், 1942 ஏப்ரல்ல அவர் காலமானார், 122 அத்தியாயத்தோட நின்னுபோச்சு. கதை எழுதறவர் அதைக் கொண்டுபோய் தி.ஜா.வுக்கும் அசோகமித்திரனுக்கும் மேல வைக்கிறது சும்மா பந்தா.

குடந்தைவாசி:
பந்தாவா? புத்தகத்தைத் திறந்தாவது பாத்தீங்களா சார்? 1880, கும்பகோணத்துக்கு முன்சீப்பா, அதாவது நீதிபதியா வந்திருக்கற சேலம் ராமசாமி முதலியாரைப் பாக்க உ.வே.சா. போறார். என்ன படிச்சிருக்கீங்கன்னு அவர் கேக்க, இவர் அந்தாதி, கோவை, பிள்ளைத்தமிழ், புராணம்னு அடுக்கிக்கிட்டே போறார், அந்த மனுஷன் முகத்துல ஒரு அசைவும் இல்ல, இவ்வளவுதானாங்கற மாதிரி உக்காந்திருக்கார், அப்புறம் சீவக சிந்தாமணி படிச்சதுண்டான்னு ஒரு கேள்வி. படிச்சதில்ல. காலேஜ்ல தமிழ் வாத்தியார், மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையோட மாணவர், அத்தனை பெருமையும் அந்த இடத்துல இறங்கிப்போகுது. அங்கேருந்து கிளம்பினதுதான் 1887 சிந்தாமணிப் பதிப்பு. கதை எழுதறவன் கத்துக்க வேண்டியது இதுல இல்லன்னா வேற எதுல இருக்கு?

நாவல்பிரியன்:
நல்ல இடம்தான், நானும் படிச்சிருக்கேன். ஆனா முடியாத புத்தகம்னு சொன்னேனே, அதுக்கு பதில் எங்க?

நெல்லைவாசகி:
காஃப்காவோட தி காஸில் பாதி வாக்கியத்துல நிக்குது. நம்ம புதுமைப்பித்தனோட அன்னை இட்ட தீயும் முடியாத நாவல்தான். அதையெல்லாம் அலமாரியை விட்டு இறக்கிடலாமா?

நாவல்பிரியன்:
மேடம் அது புனைவு, கற்பனைக்கு எங்க நின்னாலும் ஒரு அழகு உண்டு. இது வாழ்க்கை வரலாறு. 1898 மணிமேகலைப் பதிப்புக் காலத்தோட நின்னுடுது. 1906 மகாமகோபாத்தியாயர் பட்டம் இல்ல, 1937 குறுந்தொகை இல்ல. நாப்பது வருஷத்துக்கு மேல காணோம்! முடியாத புத்தகம்.

குடந்தைவாசி:
காணாமப் போன வருஷத்தை எண்றவங்களுக்கு இருக்கற வருஷம் கண்ணுல படாது. மாயவரத்துல கோபாலகிருஷ்ண பாரதியார்கிட்ட சங்கீதம் கத்துக்கப் போனது, அது ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களுக்குப் பிடிக்கலன்னு தெரிஞ்சதும் விட்டது, இத்தனைக்கும் சங்கீதம் அவங்க குடும்பச் சொத்து. அந்த வருத்தத்தை எவ்வளவு சின்னக் குரல்ல சொல்றார்! 1876ல பிள்ளையவர்களோட கடைசி நேரத்துல பக்கத்துல உக்காந்து திருவாசகத்துல அடைக்கலப்பத்து படிக்கிற இடம் இருக்கே, அதைத் தாண்ட என்னால முடியறதில்ல, இப்ப எடுத்தாலும் அங்க புத்தகத்தை மூடி வெச்சுடுவேன். முதல் இடம் இதுக்குத்தான், வேற எதுக்கும் இல்ல.

நாவல்பிரியன்:
நீங்களே மூடி வெச்சுடுவேன்னு சொல்றீங்க. ஆக நீங்களும் முடிக்கல 🙂

குடந்தைவாசி:
இந்த வார்த்தை விளையாட்டெல்லாம் வேற எங்கயாவது வெச்சுக்குங்க. போன மாசம் கரிசல் எழுத்து பத்திப் பேசினப்பவும் இதேதான் பண்ணீங்க, கோபல்ல கிராமம் நாவலே இல்லன்னு ஒரே பிடியா நின்னீங்க, கி.ரா.வோட எந்தப் பக்கத்தைக் கேட்டாலும் பதில் வரல.

நாவல்பிரியன்:
அதை ஏன் இங்க இழுக்கறீங்க? இன்னொண்ணும் சொல்றேன், வயசான காலத்துல உ.வே.சா. சொல்லச் சொல்ல எழுதினது அவர் மாணவர் கி.வா.ஜ. அப்ப அந்த நடை யாரோடது?

குடந்தைவாசி:
யாரோடதா? 1933, 34ல ரெண்டு பாகமா வந்த மீனாட்சிசுந்தரம் பிள்ளை சரித்திரத்தை எடுத்துப் பக்கத்துல வெச்சுப் படிங்க. அதே நிதானம், அதே ஆள் அடையாளம் சொல்ற முறை, ஊர் பேர், சாப்பாடு, உபகாரம் பண்ணினவங்க பேரு ஒண்ணு விடாம. குரல் உ.வே.சா.வோடது. மாணவர் ஏட்டைப் பிடிச்சா ஆசிரியர் மாறிடுவாரா? மனுஷன் உயிரோட இருந்தவரைக்கும் சொல்லியிருக்கார், அதுக்கு மேல என்ன முடிக்கணும்?

பழையபுக்கு:
சண்டைக்கு நடுவுல ஒரு விஷயம். எந்தப் பதிப்பு வாங்கினாலும் தைச்ச பைண்டிங்கான்னு பாத்து வாங்குங்க. இவ்வளவு தடிமனான புத்தகத்தை வெறும் பசை போட்டு ஒட்டிக் குடுக்கறாங்க, என்னோடது பிள்ளையவர்கள் வர்ற இடத்துலயே ரெண்டா பிளந்துடுச்சு.

நெல்லைவாசகி:
கெட்டி அட்டையா பாத்து வாங்குங்க, ஒண்ணும் ஆகாது.

பழையபுக்கு:
கெட்டி அட்டைக்குள்ளயும் பசைதான் மேடம். முதுகுப் பக்கம் மேல ஓரத்தைப் பாருங்க, தாள் எல்லாம் சின்னச் சின்னக் கட்டா மடிஞ்சு தெரியணும். ஒரே சீரா வெட்டின மாதிரி இருந்தா வாங்காதீங்க.

நெல்லைவாசகி:
இருபது வருஷமா வாங்கறேன், எனக்குத் தெரியாதா.

நாவல்பிரியன்:
சுருக்கப் பதிப்பு வாங்குங்க, பைண்டிங் பிரச்சனையே வராது. எப்படியும் முடியாத புத்தகம்தானே.

குடந்தைவாசி:
சுருக்கமா?! அந்த விவரத்துலதான் புத்தகமே இருக்கு. ஒவ்வொரு ஊர்லயும் யார் சோறு போட்டாங்க, யார் ஏடு குடுத்தாங்கன்னு மறக்காம சொல்றதை வெட்டிட்டா மிச்சம் என்ன இருக்கும்? இதைப் புரிஞ்சுக்காதவர் அடுத்தவங்க அலமாரிக்குத் தீர்ப்பு சொல்ல வந்துட்டார்.

நாவல்பிரியன்:
தீர்ப்பு இல்ல, கேள்வி. பிடிச்சிருந்தா வெச்சுக்கட்டும், முதல் இடம் ஏன்? முடியாத புத்தகத்துக்கு முதல் இடம் ஏன்? இதுவரைக்கும் ஒருத்தரும் சொல்லல.

குடந்தைவாசி:
மூணு தடவை சொல்லியாச்சு. நெல்லைவாசகி, நீங்களே சொல்லுங்க, சொன்னேனா இல்லையா?

நெல்லைவாசகி:
சொன்னீங்க. ஆனா மோகமுள்ளுக்குக் கீழ வெச்சிருந்தா எனக்கும் சந்தோஷமா இருந்திருக்கும்.

குடந்தைவாசி:
நீங்களுமா! சரி, மோகமுள்ல எந்த இடம் அந்த அடைக்கலப்பத்து பக்கத்துக்கு ஈடு, எடுத்துப் போடுங்க பாப்போம்.